மூன்று நாள் தாமதம்

விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரே வரி.
ஒயுன்சிமெக் என்பதை
இவர்கள் எழுத்தில் உடைத்து எழுதினால்
கடைசித் துண்டு கட்டத்துக்கு வெளியே
கால் நீட்டி நிற்கிறது.
அழித்து, நெருக்கி, மறுபடி எழுதினேன்.
பதினோரு வருடமாக ரயிலில்
இப்படித்தான் ஒடுங்கி உட்காருகிறேன்.

சுபாமே ஊரில் கரண்டிக்கு மெருகேற்றும் வேலை.
சுழலும் துணிச்சக்கரத்தில்
கரண்டியின் குழியை அழுத்தினால்
முதலில் மூட்டம்,
அப்புறம் மேலே தொங்கும் குழல்விளக்கு,
அப்புறம் தலைகீழாக நான்.
கரண்டி பளபளக்கப் பளபளக்க
என் விரல்களும் வழவழத்துப் போயின.
போன வசந்தத்தில் ஊர் போய்த் திரும்புகையில்
விமான நிலையத்தில் ரேகை வாங்கும் கண்ணாடி
மூன்று முறை என்னைத் தெரியாது என்றது.
இந்த ஊர் தேய்த்த விரல்தான் ஐயா
என்று சொல்ல
அப்போது வாய் வரவில்லை.

ஐந்து வருட வரிச்சான்று.
சம்பளச் சீட்டு. வாடகை ஒப்பந்தம்.
சிரிக்காத புகைப்படம் ஒன்று.
பழைய பட்டறை மூடிய பின்
நானே கையிலிருந்து கட்டிய
ஏழு மாத ஓய்வூதியச் சந்தா ரசீதுகள்.
விண்ணப்பம் எழுதித்தரும் இகராஷி
ஆறாவது ரசீதில் பேனா முனையை வைத்தார்,
எடுக்கவில்லை.
மூன்று நாள் தாமதம்.
"காரணம்?"

யாரும் சாகவில்லை.
காய்ச்சலும் இல்லை.
சோற்றுக் குக்கருக்கு அடியில் சீட்டை வைத்தேன்,
மறந்தேன்.
"பனியில் சாலை அடைபட்டது என்று போடலாமா?"
நல்ல மனிதர்தான்.
ஆனால் அது ஆகஸ்ட்.

அடுத்த தாள்:
ஏன் இங்கே நிரந்தரமாக இருக்க விரும்புகிறீர்கள்?
அவரிடம் தயார் வாக்கியம் இருந்தது,
இந்நாட்டுப் பண்பாட்டின் மேல் கொண்ட
ஆழ்ந்த பற்று என்று.
வீட்டுக்கு எடுத்துப்போய் நானே எழுதினேன்.
என் கடைவாய்ப்பல்லின் கதை முழுதும்
இங்குள்ள ஒரு வைத்தியருக்குத்தான் தெரியும்.
கனவில் சண்டை போடுகிறேன்,
இந்த மொழியில்,
தோற்றும் போகிறேன்.
மங்கோலியா என்றதும்
குதிரை ஏறுவாயா என்று கேட்பதை
இந்தத் தெருவில் நிறுத்திவிட்டார்கள்.
(நான் வளர்ந்தது எர்தெனெத்தில், நாலாம் மாடியில்.
ஏறியதெல்லாம் படிக்கட்டு.)
படித்துவிட்டு இகராஷி
பல்லை மட்டும் அடித்தார்.

ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும்.
பக்கத்து இயந்திரத்து ஹிசாயே மகாபேயோடு
எனக்கு இரண்டு கோடையாகப் பேச்சில்லை.
மின்விசிறி யார் பக்கம் திரும்பவேண்டும் என்ற வழக்கு.
வேறு யாரைக் கேட்க?
"நீ ஓடிப்போனால் என் வீட்டை எடுத்துக்கொள்வார்களா?"
இல்லை, சட்டப்படி ஒன்றுமில்லை,
தார்மீகப் பொறுப்பு மட்டும்தான் என்றேன்.
சக்கரத்தை நிறுத்தினாள்.
"மட்டும்தானா?
அதுதானே பாரம்."
கையெழுத்துப் போதும், முத்திரை தேவையில்லை என்றும்
பையிலிருந்து எடுத்து, ஊதி, அழுத்தினாள்.
சற்றே கோணல்.
மறுநாளும் விசிறி அவள் பக்கமே சுற்றியது.

நிரந்தரம் என்று எழுதிய அட்டைக்கும்
ஏழு வருடத்தில் காலாவதியாம்.
கேட்டதும் சிரிப்பு வந்தது,
கவுண்டரில் இருந்த பெண்ணும்
நான் சிரித்ததற்காகச் சிரித்தாள்.
பிறகு ஒரு வெற்றுத் தபாலட்டையைத் தள்ளி
உங்கள் முகவரியை நீங்களே எழுதுங்கள் என்றாள்.
முடிவு வந்ததும் இதில்தான் அனுப்புவார்கள்.
எனக்கு நானே எழுதும் கடிதம்.
பெயருக்குப் பின் மரியாதைச் சொல் சேர்ப்பதா?
சேர்க்கவில்லை.
அவர்கள் சேர்ப்பார்களா பார்க்கலாம்.

ஐந்து மாதம் ஆகிறது.
வேலை விட்டு வந்ததும்
கையுறையைக்கூடக் கழற்றாமல்
பெட்டிக்குள் துழாவுகிறேன்,
என் கையெழுத்தைத் தேடி.
இன்று தண்ணீர்க் கட்டணச் சீட்டு வந்திருந்தது.
கெடு மாதக் கடைசி வரை.
முழங்கால் பனியில் கடைவரை நடந்து
இன்றே கட்டிவிட்டேன்.